மூன்று புள்ளியும் ஒரு கோடும்

உலகத்தில் யாருமே படிக்காத புத்தகங்கள் என்று ஒரு வகை உண்டு. அச்சாகும், தைக்கப்படும், தடித்த அட்டை போடப்படும், முதல் பக்கத்தில் முத்திரையும் இருக்கும். படிக்கத்தான் ஆள் இருக்காது. நாடாளுமன்ற அவையில் வைக்கப்படும் அறிக்கைகளும், உலக அமைப்புகள் வருஷம் தவறாமல் அனுப்பும் புள்ளிவிவரத் தொகுப்புகளும் அந்த வகை. அவற்றை முதல் வரியிலிருந்து கடைசி அடிக்குறிப்பு வரை ஒரே ஒருத்தி மட்டும் படித்துக்கொண்டிருந்தாள். வேலை என்பதால் படித்தாள் என்று சொன்னால் அது பாதி உண்மை. மீதிப் பாதி அவளுடைய தீராத வியாதி. ஒரு விஷயம் ஏன் அப்படி இருக்கிறது என்று தெரியாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

அவையின் வெளியீட்டுப் பிரிவில் அவள் பிழைதிருத்துநர். வயது ஐம்பத்திரண்டு, வேலையில் சேர்ந்து இருபத்தாறு வருஷம். மேற்பார்வையாளரிலிருந்து வாசல் காவலாளி வரைக்கும் எல்லோருக்கும் அவள் அட்டவணை அக்கா. உறுப்பினர்களின் பேச்சைத் திருத்த நாலு பேர் இருந்தார்கள். அட்டவணை என்றால் நாலு பேருக்குமே தலைவலி வந்துவிடும். அக்கா மட்டும் இரும்பு ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுத் தொட்டு இறங்குவாள். எங்கேயாவது கூட்டல் பிசகியிருந்தால் அவளுக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

அவர்களுடைய அறை பாதி தரைக்குக் கீழே இருந்தது. ஜன்னல் நடைபாதை மட்டத்தில் இருந்ததால் வெளியே போகிறவர்களின் கால்கள் மட்டும்தான் தெரியும். அக்கா அந்தக் கால்களையும் விட்டுவைக்கவில்லை. தேய்ந்த குதிகாலைப் பார்த்து இவர் தபால்காரர், இவர் மாடிப்படி அதிகம் ஏறுகிறவர் என்று சொல்லிக்கொண்டிருப்பாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பொதுமக்கள் படிக்கும் மேஜையைக் கவனித்துக்கொள்வதும் அவள்தான். அது அவள் வேலை இல்லை. இந்தப் புத்தகங்களைத் தேடி யார்தான் வருகிறார்கள், எதற்கு வருகிறார்கள் என்று பார்க்கிற ஆசையில் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டது.

வீட்டில் அவள் புருஷன் பேருந்து ஓட்டுநர். நாளெல்லாம் ஹாரன் சத்தம் கேட்டுவிட்டு வருகிற மனுஷனுக்குச் சாப்பாட்டோடு சேர்த்து உலகச் செய்தியும் பரிமாறுவாள்.

"ஏங்க, ஒரு நாட்டுல கலங்கரை விளக்கம் முப்பத்தொண்ணு இருக்கு. காவலாளி இருபத்தொன்பது பேருதான். மிச்சம் ரெண்டை யாரு பார்ப்பா?"

"பக்கத்து விளக்குக்காரன் டபுள் டியூட்டி பார்ப்பான். எங்க டிப்போல பார்க்கல?"

அந்தப் பதில் அவளுக்குப் போதாது. மறுநாள் அடிக்குறிப்பைத் தேடிப் பிடித்து, அந்த இரண்டும் தானாக எரிகிறவை என்று கண்டுபிடித்து வந்து சொன்ன பிறகுதான் நிம்மதி.

இப்படிப்பட்ட அக்காவிடம்தான் ஒரு வெள்ளிக்கிழமை மதியம், கையில் கவரோடு ஒரு பெண் வந்து நின்றாள். நாற்பது வயது இருக்கும். செருப்பின் விளிம்பெல்லாம் வெள்ளையாகத் தூள் படிந்திருந்தது. மாவு மில்லா, சுண்ணாம்பா என்று அக்காவின் மனசு உடனே கணக்குப் போட ஆரம்பித்தது.

"பதினாலாம் நம்பர் அட்டவணைன்னு ஒண்ணு இருக்காமே. அதைக் கொஞ்சம் பார்க்கணும்."

"எந்தப் புத்தகத்துலம்மா?"

அந்தப் பெண் கவரை நீட்டினாள். அவையின் மனுக்குழுவிலிருந்து வந்த கடிதம். உலக அமைப்பின் தொழில்நோய்த் தொகுப்பில், கடந்த மூன்று ஆண்டுகளின் பதினான்காம் அட்டவணைப்படி, இந்நாட்டில் கல்தூசு நுரையீரல் நோய் உடையவர் எவரும் இல்லை. ஆகவே தாங்கள் அளித்த மனுவை வரும் வியாழக்கிழமை கூட்டத்தில் முடித்துவைக்க உத்தேசிக்கப்பட்டுள்ளது என்று எழுதியிருந்தது.

"என் வீட்டுக்காரர் கல்குவாரியில கல்லுடைக்கிறவர். இருபத்தோரு வருஷமாச்சு. இப்ப பத்து அடி நடந்தா நிக்கிறார். தூசியாலதான்னு ஒரு டாக்டர் வாய்வார்த்தையா சொன்னார், ஆனா எழுதித் தரல. எங்க ஊர்ல டெஸ்ட் பண்ண ஒரு வண்டி அனுப்புங்கன்னுதான் மனு போட்டேன்." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "அவரையாவது விடுங்க, அவருக்கு ஆனது ஆயிடுச்சு. என் கொழுந்தனும் நாலு வருஷமா அங்கதான் போறான். இருபத்தேழு வயசு. இருமல் ஆரம்பிச்சிடுச்சு. போகாதடான்னா, 'அப்படி ஒரு நோயே நம்ம நாட்டுல கிடையாதாம் அண்ணி, முதலாளி புத்தகத்தையே காட்டினார்'ங்கிறான். அச்சுல வந்ததுக்கு முன்னால என் பேச்சு எடுபடுமா? அதான் அது எப்படித்தான் இருக்குன்னு கண்ணால பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

அக்கா போன வருஷத்துத் தொகுதியை எடுத்து விரித்தாள். அவர்கள் மொழியில் இதே பிரிவு அச்சிட்ட பதிப்பு. ஸ்கேலை நாட்டின் பெயருக்கு அடியில் வைத்துக் குறுக்கே நகர்த்தினாள். அந்தக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு இருந்தது.

"இதான்."

அந்தப் பெண் குனிந்து பார்த்தாள். விரலால் கோட்டைத் தொட்டும் பார்த்தாள். "இவ்வளவுதானா?" என்றாள். "'இல்லை'ன்னு எழுத்துல எழுதியிருக்கும்னு நினைச்சேன். யாருங்க எண்ணினது? எங்க ஊருக்கு யாரும் வந்த மாதிரி தெரியலையே."

கேள்வி என்னவோ சாதாரணக் கேள்விதான். ஆனால் இருபத்தாறு வருஷத்தில் அக்கா கேட்காமல் விட்ட கேள்வி அது. எண்களின் கூட்டலைப் பார்த்தாள், பத்தியைப் பார்த்தாள், ஒரு கோடு எங்கிருந்து வந்தது என்று பார்த்ததில்லை. மூக்கில் வியர்த்தது. "திங்கட்கிழமை வாங்கம்மா, நான் விசாரிச்சு வைக்கிறேன்" என்று அனுப்பிவிட்டு, சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே பின்னால் இருந்த புத்தகக் கிடங்குக்குப் போனாள். உலக அமைப்பு அனுப்பிய மூலப் பிரதிகள் அங்கேதான் அடுக்கியிருந்தன.

மூலத்தில் அதே அட்டவணை, அதே வரி, அதே கட்டம். அங்கே கோடு இல்லை. மூன்று புள்ளிகள் இருந்தன.

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் அந்த மூன்று புள்ளியைக் கோடாக்கியது யார் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும்.

கதை ஒன்பது வருஷத்துக்கு முந்தியது. அவைப் பதிவில் ஒரு வழக்கம் உண்டு. உறுப்பினர் யாராவது சொல்லத் தகாத சொல்லைச் சொல்லி, அவைத்தலைவர் அதை நீக்கச் சொன்னால், அச்சில் அந்த இடத்தில் மூன்று புள்ளி வைப்பார்கள். மூன்று புள்ளி என்றால் இங்கே ஏதோ இருந்தது, எடுத்துவிட்டோம் என்று பொருள். அவையில் உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் அது பழக்கம். இப்படியிருக்க, அந்த வருஷம் உலக அமைப்பின் தொகுப்பை அவையில் வைத்தபோது, அட்டவணை முழுக்கப் புள்ளி புள்ளியாக இருந்ததைப் பார்த்துவிட்டார் ஒரு உறுப்பினர். புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "இந்த அட்டவணையிலிருந்து அரசு எதையெல்லாம் நீக்கியது? யாரைக் கேட்டு நீக்கியது?" என்று கேட்டார். அமைச்சருக்கு விளக்கத் தெரியவில்லை. அரை நாள் அமளி. கடைசியில் மேற்பார்வையாளர் வியர்க்க விறுவிறுக்கக் கீழே ஓடிவந்தார்.

அன்றைக்கு வழி சொன்னது அக்காதான். தொகுப்பின் முன்பக்கத்தில் குறிகளுக்கு விளக்கம் இருந்தது. மொழிபெயர்த்தவர், மூன்று புள்ளிக்கு எதிரே 'தகவல் இல்லை' என்றும், கோட்டுக்கு எதிரே 'இல்லை' என்றும் போட்டிருந்தார். இரண்டும் 'இல்லை'தானே என்று நினைத்தாள் அக்கா. எதற்கு இரண்டு குறி? புள்ளியெல்லாம் கோடாகிவிட்டால் அமளிக்கே இடமில்லை. பதிப்பு விதிகளில் முப்பத்தேழாவதாக அது ஏறியது: அட்டவணைகளில் மூன்று புள்ளி வரும் இடமெல்லாம் கோடு இடுக. புத்தகத்தில் இல்லாத குறிக்கு விளக்கம் எதற்கு என்று, முன்பக்கத்து 'தகவல் இல்லை' வரியையும் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டாள். எல்லோரும் அதற்கு அக்கா விதி என்று பெயர் வைத்தார்கள். பாராட்டுக் கடிதம்கூட வந்தது. அதைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருந்தாள்.

கிடங்கில் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து, அக்கா அந்த இரண்டு சொற்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். தகவல் இல்லை. இல்லை. பின்னது, வீட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டு யாரும் இல்லை என்று சொல்வது. முன்னது, கதவையே தட்டாதது. இந்த வித்தியாசம் தெரியாமல் ஒன்பது வருஷம் அட்டவணை அக்கா என்று பெயர் வாங்கிக்கொண்டிருந்ததை நினைத்தால் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அதோடு நிற்கவும் அவளால் முடியவில்லை. இந்த ஒரு கட்டம் மட்டும்தானா? மூலத்தையும் பதிப்பையும் அக்கம்பக்கமாக வைத்துக்கொண்டு அன்று சாயங்காலம் வரைக்கும், சனிக்கிழமை முழுவதும், இரும்பு ஸ்கேலோடு உட்கார்ந்தாள். ஒன்பது தொகுதிகளில், தன் நாட்டு வரியில் மட்டும், நூற்றுப் பதினாறு கோடுகள். மூலத்தில் நூற்றுப் பதினாறும் புள்ளிகள். பாம்பு கடித்து இறந்தவர்கள், கோடு. காது கேளாமல் பிறந்த குழந்தைகள், கோடு. ஈயப் பட்டறையில் விஷம் ஏறியவர்கள், கோடு. எந்த ஆட்சியும் செய்யாத சாதனை அது. பாம்புக்கடியையும் காது கேளாமையையும் ஒரு சிவப்புப் பேனாவால் நாட்டைவிட்டே துரத்தியிருந்தாள் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை புருஷன் வண்டிச் சீருடைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருக்கும்போது எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஊசியை நிறுத்தவில்லை.

"ஒண்ணுன்னா அச்சுப்பிழை. நூத்திப் பதினாறுன்னா பழக்கம்" என்றார்.

"கிண்டல் பண்ணாதீங்க."

"கிண்டல் இல்லம்மா. பஸ்ல ஒரு தடவை நான் ரூட்டை மாத்திப் போயிட்டேன்ல. நடுவுல நிறுத்தி, 'ஐயா, தப்பான வழியில வந்துட்டேன்'னு சொன்னேன். எல்லாரும் திட்டினாங்க. ஆனா எறங்க வேண்டியவங்க எறங்கிட்டாங்க. சொல்லாம போயிருந்தா கடைசி ஸ்டாப் வரைக்கும் உக்காந்திருப்பாங்க."

திங்கட்கிழமை காலையில் அக்கா மேற்பார்வையாளரின் மேஜை முன்னால் நின்றாள். அவளைவிட எட்டு வயது இளையவர். நல்ல மனுஷர். ஆனால் ஒரு காகிதம் அசைவதற்கு முன்னால் அது எங்கே போய் விழும் என்று நாலு தடவை யோசிக்கிறவர்.

"அக்கா, இதுக்கு ஏன் இவ்வளவு பதட்டம்? திருத்தச் சீட்டு போட்டுடலாம். அட்டவணை பதினாலு, அச்சுப்பிழை, கோட்டுக்குப் பதிலாப் புள்ளின்னு படிக்கவும். ஒரு வரி. யாரும் கவனிக்கக்கூட மாட்டாங்க."

திருத்தச் சீட்டு என்பது விரல் அகலத்துக் காகிதம். அச்சான புத்தகத்தைக் கிழிக்க முடியாது என்பதால், பிழையைச் சொல்லும் சீட்டை அவையில் வைத்து, பிறகு புத்தகத்துக்குள் ஒட்டுவார்கள். இருபத்தாறு வருஷத்தில் அக்காவின் கையெழுத்து இருந்த எந்தப் பக்கத்துக்கும் ஒரு சீட்டு ஒட்டப்பட்டதில்லை. அது அவளுடைய பெருமை. கர்வம் என்றே சொல்லலாம்.

"சரி, அச்சுப்பிழைன்னே போடுங்க சார். வியாழக்கிழமைக்குள்ள மனுக்குழுவுக்குப் போயிடணும்" என்று மென்று முழுங்கிச் சொன்னாள். தலை தப்பியது என்று ஒரு நிமிஷம் அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதை மறைப்பானேன்.

ஆனால் மேற்பார்வையாளர் மனுக்குழுவின் எழுத்தருக்குப் போன் செய்து கேட்டபோது, அந்த எழுத்தர் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்டார். "மனுவுக்கு அமைச்சகம் குடுத்த பதில் மூணு வருஷத் தொகுதியைக் காட்டுது. மூணு வருஷமும் ஒரே இடத்துல அச்சுப்பிழையா? குழுவுல யாரு நம்புவா? காரணம் வேணும். காரணம் இல்லன்னா மனு வியாழக்கிழமை முடிஞ்சுடும்."

மேற்பார்வையாளர் போனை வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தார். "காரணம்னா விதி முப்பத்தேழுன்னு எழுதணும். அப்புறம் மொத்தம் எத்தனை இடம்னு கேப்பாங்க. விளக்கக் குறிப்புல பொறுப்பானவங்க கையெழுத்து போடணும். அது அவையில வாசிக்கப்படும். யோசிச்சுக்கோங்க அக்கா. நான் கட்டாயப்படுத்த மாட்டேன்."

அன்று மதியம் அந்தப் பெண் சொன்னபடி வந்தாள். அக்கா மூலப் பிரதியை விரித்து வைத்தாள்.

"இதுதான் அவங்க அனுப்பினது. மூணு புள்ளி. 'எங்களுக்குத் தெரியாது, யாரும் எங்ககிட்ட சொல்லல'ன்னு அர்த்தம். அதை 'இல்லை'ன்னு மாத்தினது நான்தாம்மா."

"நீங்களா? எதுக்கு?"

"பார்க்க நல்லா இருக்கும்னு."

திட்டுவாள் என்று அக்கா எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தப் பெண் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப எங்களைப் பத்தித் தெரியாதுன்னுதான் இருந்திருக்கு. தெரியாதுன்னா வந்து பார்க்கலாம்ல? இல்லைன்னுட்டா யாரு வருவா?" என்றாள். கோபம் இல்லாமல்தான் சொன்னாள். நிஜமாகவே விடை தெரிந்துகொள்ளக் கேட்டது போல இருந்தது.

அக்கா அன்று சாயங்காலமே குறிப்பை எழுதினாள். நான்கு முறை எழுதிக் கிழித்தாள். பூசி மெழுகிய வரிகளை எல்லாம் தன் பேனாவாலேயே அடித்தாள். பிறத்தியார் எழுதியதைத் திருத்துவதைவிட அது கஷ்டமாக இருந்தது. கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான். 'ஒன்பது ஆண்டுகளின் தொகுதிகளில், கீழ்க்காணும் நூற்றுப் பதினாறு இடங்களில் "இல்லை" எனும் பொருள்படும் கோடு, பிழைதிருத்துநரின் தவறான விதியால் இடப்பட்டது. அவ்விடங்களில் "தெரியவில்லை" எனத் திருத்தி வாசிக்கவும்.' கீழே கையெழுத்துப் போட்டாள். இரும்பு ஸ்கேல் பிடித்துப் பழகிய கை, கொஞ்சமும் கோணவில்லை.

புதன்கிழமை அவைத்தலைவர் அதை வாசித்தார். அக்கா மேலே போகவில்லை. சுவரில் இருந்த ஒலிபெருக்கியில் கேட்டாள். பேச்சுத் திருத்துகிற நாலு பேரும் தலையைத் தூக்கவில்லை. ஒரு உறுப்பினர் எழுந்து, "அப்படியென்றால் இத்தனை நாளும் தெரியாததை எல்லாம் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தோமா?" என்று கேட்டார். சிரிப்பு எழுந்தது. இன்னொருவர் குரல் உயர்த்தி, "அந்தப் பிழைதிருத்துநர் ஒரு" என்று ஆரம்பித்ததும் ஒலிபெருக்கி கரகரத்தது. அடுத்து அவைத்தலைவரின் குரல்தான் கேட்டது: "அந்தச் சொல் நீக்கப்படுகிறது."

மறுநாள் அந்தப் பக்கம் திருத்தத்துக்கு வந்தபோது, நாலு பேரும் அதை அக்காவின் மேஜைக்கே தள்ளிவிட்டார்கள். 'அந்தப் பிழைதிருத்துநர் ஒரு …' என்று இருந்தது. மூன்று புள்ளி. அக்கா ஸ்கேலை வைத்து எண்ணிப் பார்த்தாள், சரியாக மூன்று. கோடு எதுவும் போடாமல் அப்படியே விட்டாள். ஆனால் அந்தச் சொல் என்னவாக இருக்கும் என்பது அவளை அரித்துக்கொண்டே இருந்தது. அவையில் பேச்சைக் குறித்துக்கொள்ளும் சுருக்கெழுத்தரிடம் போய்க் கேட்டாள். "நீக்கினது நீக்கினதுதான் அக்கா" என்று அவர் கையை விரித்துவிட்டார். "கெட்ட வார்த்தையா, இல்ல சும்மா திட்டா? அதை மட்டும் சொல்லுங்க." அவர் பென்சில் சீவப் போய்விட்டார். இன்றைக்கும் அவளுக்கு அது தெரியாது.

வியாழக்கிழமை மனுக்குழு மனுவை முடிக்கவில்லை. தெரியவில்லை என்று அச்சில் வந்துவிட்ட பிறகு முடிக்க வழியில்லை. தெரிந்துகொண்டு வந்து சொல்லும்படி அமைச்சகத்துக்கு ஆணை போனது. காகிதம் மேலே போய், கீழே வந்து, மறுபடி மேலே போய், ஐந்து மாதம் கழித்து நெஞ்சுப் படம் எடுக்கிற வண்டி ஒன்று அந்தக் கல்குவாரிக்குப் போனது. இன்னும் நான்கு மாதம் கழித்து, மனுக்குழுவின் அறிக்கை திருத்தத்துக்கு அக்காவின் மேஜைக்கு வந்தது. நோய் கண்டவர்கள் நூற்று அறுபத்து மூன்று பேர். பின்னிணைப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. பெயர் கிடையாது, வரிசை எண், வயது, வேலை செய்த ஆண்டு, நோயின் நிலை மட்டும்தான். தன் வாழ்நாளில் எந்த அட்டவணையையும் அவள் அவ்வளவு மெதுவாகப் படித்ததில்லை.

அது அவையில் வைக்கப்பட்ட மறுநாள் மதியம், படிக்கும் மேஜைக்கு மூன்று பேர் வந்தார்கள். முதலில் அந்தப் பெண். அவளுக்குப் பின்னால் அவள் புருஷன். எட்டே படிதான் இறங்க வேண்டும், அதில் இரண்டு தடவை நின்றார். அவருக்குப் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு, விருப்பமில்லாமல் இழுத்து வரப்பட்ட முகத்தோடு ஓர் இளைஞன், அதுதான் கொழுந்தன்.

"டெஸ்ட் பண்ணினவங்க எங்ககிட்ட ஒண்ணும் சொல்லல. அறிக்கையில வரும்னாங்க" என்றாள் அந்தப் பெண்.

அக்கா பின்னிணைப்பை விரித்து, வயதையும் ஆண்டையும் கேட்டு, ஸ்கேலை வைத்தாள். தேடவே வேண்டியிருக்கவில்லை. மனு போட்டது அவர் குடும்பம் என்பதால் அவரைத்தான் முதலில் படம் எடுத்திருந்தார்கள். 'வரிசை எண் 1. ஆண், 44. கல்லுடைப்பு, 21 ஆண்டு. நிலை 3.'

கல்லுடைக்கிறவர் அதைப் பார்த்துவிட்டு மனைவி பக்கம் திரும்பினார். "பார்த்தியா, பள்ளிக்கூடத்துலகூட நான் முதல்ல வந்ததில்ல" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, அது அடங்க நேரம் பிடித்தது. தண்ணீர் குடித்துவிட்டு, "அந்த மூணுன்னா என்னங்க?" என்று கேட்டார்.

விளக்கம் அடுத்த பக்கத்தின் அடியில் இருந்தது. அக்காவுக்கு அது மனப்பாடம். அவருக்குப் பின்னால் நின்ற மனைவி, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். தெரியவில்லை என்று சொல்லிவிட எவ்வளவு சுலபம்! அக்காவின் வாய்வரைக்கும் அந்தச் சொல் வந்தது. ஆனால் தெரியாததை இல்லை என்று சொன்னவள், தெரிந்ததைத் தெரியாது என்று சொல்லக் கூசினாள். பக்கத்தைத் திருப்பி, இருந்ததை இருந்தபடி வாசித்தாள்.

"நிலை மூன்று. நோய் முற்றியது. குணமாக்க இயலாது. மூச்சுக்கு உதவி அளிக்கப்பட வேண்டும்."

கல்லுடைக்கிறவர் அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"எனக்கும் தோணிச்சு. யாருமே வாயைத் திறந்து சொல்லல. இருமல் மருந்துதான் எழுதிக் குடுத்தாங்க" என்றார். பிறகு தம்பியின் கையைப் பிடித்து மேஜைக்கு அருகில் இழுத்தார். "இவனோடதைப் பாருங்க."

ஐம்பத்தெட்டாவது வரி. 'ஆண், 27. கல்லுடைப்பு, 4 ஆண்டு. நிலை 1.' அக்கா வாசிக்க வாயெடுப்பதற்குள் அந்த இளைஞனே பக்கத்தைத் திருப்பிவிட்டான். அடிக்குறிப்பின் சின்ன எழுத்தை எழுத்துக் கூட்டி, சத்தமாகப் படித்தான்.

"நிலை ஒன்று. தூசியிலிருந்து விலகினால் மேலும் முற்றாது."

மறுபடியும் ஒரு தடவை படித்தான், இந்த முறை சத்தமில்லாமல். முகத்தில் இருந்த வீம்பு எங்கே போனதென்று தெரியவில்லை. அண்ணனின் நெஞ்சு ஏறி இறங்குவதை அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பவன் போலப் பார்த்தான்.

"நாளைக்கு நான் போகல, அண்ணே."

"நாளைக்கு மட்டுமாடா?"

"இனிமே போகல."

அவ்வளவு மாதமாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கிய அந்தப் பெண், வெளியே போய்ப் படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். நல்ல சேதிக்கு அழுகிறாளா, கெட்ட சேதிக்கு அழுகிறாளா என்று அக்காவுக்குத் தெரியவில்லை, கேட்கவும் இல்லை. மேஜையை அப்படியே போட்டுவிட்டுப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.